வன்னி வீட்டுக்கு எந்தப் பழைய கேம் பெட்டி? வாங்க முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை

போன மாதம் ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்வி கேட்டார்கள். முதலாவது ஆள் ரொறன்ரோவில் இருக்கும் மருமகன். அங்கே பழைய சாமான் கடையில் கண்ட பிஎஸ் 2 (பிளேஸ்ரேசன் 2) கேம் பெட்டி ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, “மாமா, 25 டொலர்தான். அடுத்த பெட்டியில போட்டு அனுப்பட்டே?” என்று கேட்டான். மற்றவர் விசுவமடுத் தம்பி ஒருவர். வவுனியாவில் ஜப்பான் சாமான் விற்கும் கடையொன்றில், சோற்றுக் குக்கர்களுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவில் நிண்டெண்டோ கொம்பனியின் சாம்பல் நிறக் கேம் பெட்டி ஒன்றைக் கண்டிருக்கிறார். சூப்பர் ஃபமிகொம். “அண்ணை, வாங்கினா எங்கட ரீவியில ஓடுமோ?”

போனில் அரைமணித்தியாலம் கதைத்தும் இருவருக்கும் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேறு ஊர்களில் பழைய கேம் சேர்ப்பவர்கள் பரணில் ஏறித் தேடுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பரண் இல்லை. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் ஜெனரேற்றர் போட்டு ரீவி கேம் விளையாட விட்டார்கள். மஞ்சள் கசெற்றைச் செருகி, கொன்ட்ரா விளையாட வரிசையில் நின்றிருக்கிறேன். பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. 2009 இல் வீட்டோடு அதுவும் போயிற்று. எங்களைச் சுற்றியுள்ள எந்த வீட்டிலும் அந்தக் காலத்துச் சாமான் மிஞ்சவில்லை. ஆகவே இன்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கையில் கிடைக்கும் பழைய கொன்சோல் அநேகமாக வேறொரு நாட்டிலிருந்து வந்தது. அந்த நாட்டின் கரண்டுக்கும் அந்த நாட்டின் ரீவிக்கும் செய்யப்பட்டது. எந்த கேம் பிடிக்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எதை வைத்துத் தெரிவு செய்வது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்: கரண்ட், ரீவிப் படம், பழுதானால் திருத்த வழி, மொழி, இரண்டு பேர் சேர்ந்து விளையாட முடியுமா என்பது. விலையை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். பழைய கொன்சோலில் ஒட்டியிருக்கும் விலை ஒருபோதும் முழு விலை இல்லை.

முதல் இரண்டுக்கும் இந்த அட்டவணை போதும். பால் (PAL), என்ரிஎஸ்சி (NTSC) என்பவை பழைய ரீவிகளுக்குப் படம் அனுப்பும் இரண்டு முறைகள்:

| எங்கிருந்து | கரண்ட் | ரீவி முறை |
|---|---|---|
| இலங்கை | 230 வோல்ற் | பால் |
| இங்கிலாந்து, ஜேர்மனி, சுவிஸ் | 230 வோல்ற் | பால் |
| அவுஸ்திரேலியா | 230 வோல்ற் | பால் |
| கனடா, அமெரிக்கா | 120 வோல்ற் | என்ரிஎஸ்சி |
| ஜப்பான் | 100 வோல்ற் | என்ரிஎஸ்சி |

120 வோல்ற்றுக்குச் செய்த அடப்டரை எங்கள் சுவரில் செருகினால் சில விநாடியில் புகை வரும். செருகியின் வடிவத்தை மாற்றும் சின்னத் துண்டு வோல்ற்றை மாற்றாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது, இந்தத் துண்டை நம்பித்தான் அதிகம் பேர் பெட்டியை எரிக்கிறார்கள். என்ரிஎஸ்சிப் படத்தைப் பால் மட்டும் எடுக்கும் பழைய பெட்டி ரீவியில் போட்டால் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். இங்கே விற்ற பெட்டி ரீவிகளில் பெரும்பாலானவை மல்டி சிஸ்டம், இரண்டையும் எடுக்கும். ஆனாலும் பின்பக்க லேபிளைப் பார்த்துவிடுங்கள்.

1. ஜப்பான் சாமான் கடை

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் கூட எழுதுவேன்.

இந்தக் கடைகளுக்குச் சைக்கிள், தளபாடம், குக்கர், ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். அவற்றோடு கேம் பெட்டியும் வந்துவிடும். கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியாத நாளும் உண்டு. கண்டால் அடையாளம் பிடிக்கத் தெரிய வேண்டும். சிவப்பும் வெள்ளையுமான சின்னப் பெட்டி 1983 இல் வந்த ஃபமிகொம். சாம்பல் நிற, வளைந்த ஓரப் பெட்டி 1990 இல் வந்த சூப்பர் ஃபமிகொம்.

ஃபமிகொம் அழகான பொருள். ஆனால் அதன் முதல் மாடலில் ஏவி வயருக்கு (மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை வயர்) இடமில்லை. அன்ரெனா வழியாக ஜப்பான் சனலில் மட்டும் படம் அனுப்பும், எங்கள் ரீவியில் அந்தச் சனலைப் பிடிப்பது பெரும்பாடு. 1993 இல் வந்த பிந்திய மாடலில் ஏவி உண்டு. விளையாடத்தான் வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள், இல்லாவிட்டால் நேரே சூப்பர் ஃபமிகொமுக்குப் போங்கள். சூப்பர் ஃபமிகொமின் அடப்டர் பெட்டிக்கு வெளியே இருக்கிறது, பெட்டிக்குத் தேவை 10 வோல்ற் டிசிதான். ஜப்பான் அடப்டரை எடுத்து வைத்துவிட்டு, 230 வோல்ற்றில் ஓடும் பொருத்தமான அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்கலாம். ஒன்று கவனம்: அதன் முனையில் நடுப்பகுதி நெகற்றிவ். சாதாரண அடப்டர்களில் நடுப்பகுதி பொசிற்றிவ். கொன்சோலின் லேபிளில் இருக்கும் வட்டப் படத்தையும் அடப்டரில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.

பிளேஸ்ரேசன் போல உள்ளுக்குள்ளேயே பவர் சப்ளை வைத்த பெட்டி என்றால் கதை வேறு. 230 ஐ 100 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 100 வாட் ஒன்று தாராளமாகப் போதும். ஆனால் நல்ல ட்ரான்ஸ்போமரின் விலை சில நேரம் கொன்சோலின் விலையைத் தாண்டும்.

போன வருடம் நான் எடுத்த சூப்பர் ஃபமிகொமைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் அது உயிர் கொடுக்கவில்லை, லைட் மட்டும் எரிந்தது. அதனாலேயே விலையைக் குறைத்துத் தந்தார்கள். வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். சூப்பர் ஃபமிகொமுக்கு நிண்டெண்டோ சாதாரண ஸ்குரூ போடவில்லை. கொன்சோலுக்கு 4.5 மில்லிமீற்றர், கசெற்றுக்கு 3.8 மில்லிமீற்றர் என்று தனித் தலை வேண்டும், இணையத்தில் இரண்டும் சேர்ந்து மலிவாகக் கிடைக்கும். உள்ளே எங்கள் வீதிச் செம்புழுதி ஒரு படை. பழுதென்று எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு கசெற்றைத் திறந்தேன். பொன் நிறத்தில் இருக்க வேண்டிய பின்கள் மரக்கறிக் கறை பிடித்த மாதிரிப் பழுப்பாக இருந்தன. ஐசோபுரோபைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒரு முறை தேய்க்கக் குச்சி முழுக்கக் கறுப்பு. இரண்டாவது குச்சி சாம்பல். ஐந்தாவது குச்சியில்தான் பொன் தெரிந்தது. செருகி சுவிட்சைத் தள்ளினால் படம் வந்துவிட்டது! சின்னனில் நாங்கள் எல்லோரும் கசெற்றை வாயால் ஊதினோம். அது செய்யக்கூடாத வேலை. மூச்சின் ஈரம் அந்தப் பின்களை மெல்ல மெல்ல அரிக்கும்.

சேமித்து விளையாடும் கசெற்களுக்குள் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கிறது. முப்பது வருடத்தில் அது செத்திருக்கும், அல்லது சாகப்போகிறது. அப்போது கேம் ஓடும், சேமித்தது நிற்காது. பற்றரி பலகையோடு ஈயத்தால் ஒட்டப்பட்டிருப்பதால், போன் திருத்தும் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும்.

மொழிதான் இந்த வழியின் பெரிய தடை. ஓடிப் பாய்ந்து அடிக்கும் கேமுக்கு ஜப்பான் மொழி தெரியத் தேவையில்லை. கதை வாசித்து, ஊர் ஊராகப் போய் ஆட்களோடு கதைக்கும் கேமை வாங்கிப் பயனில்லை.

*இது யாருக்கு:* பெட்டியைத் திறந்து திருத்துவதிலும் சந்தோசம் காண்பவருக்கு. பிள்ளையின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பெட்டி

வன்னியில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் வெளியில் ஒரு ஆள் இருக்கிறார். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்தின் தொண்டு நிறுவனக் கடைகள், சுவிஸின் புறொக்கன்ஹவுஸ் என்ற பழைய சாமான் கடைகள் போன்ற இடங்களில் கிடைப்பது கரண்டிலும் படத்திலும் எங்களுக்கு அப்படியே பொருந்தும். ஐரோப்பியப் பெட்டியில் சில நேரம் ஸ்கார்ட் என்ற 21 முள் அகலச் செருகி வரும். அது எங்கள் ரீவிகளில் இல்லை, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர் தனியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் பெட்டிகளில் இன்னொரு குறை, பழைய கேம்கள் பலவற்றின் வேகம். என்ரிஎஸ்சியின் 60 ஹேர்ட்ஸுக்கு எழுதியதைப் பால் முறையின் 50 ஹேர்ட்ஸுக்குச் சரியாக மாற்றாமல் விட்டதால், 1991 இல் வந்த முதல் சொனிக் கேம் போன்றவை ஏறத்தாழ 17 வீதம் மெதுவாக ஓடும். முதல் தரம் விளையாடும் பிள்ளைக்கு அது தெரியாது. முன்பு வேகமாக விளையாடிப் பழகியவருக்கு, பாட்டு இழுபடும்போதே தெரிந்துவிடும்.

கனடாவில் இருப்பவர் என்றால் ஒவ்வொரு பொருளாக யோசிக்க வேண்டும். மருமகன் கண்ட பிஎஸ் 2 பருத்த மாடல். பவர் சப்ளை உள்ளே இருக்கிறது, 120 வோல்ற். அதற்கு இங்கே ட்ரான்ஸ்போமர் வாங்க வேண்டும். அத்தோடு பிஎஸ் 2 டிஸ்க்குகள் நாட்டு வலயப்படி பூட்டப்பட்டவை, கனடாப் பெட்டியில் பால் டிஸ்க் ஓடாது. பாரமும் கூட, அனுப்பும் பொதியில் பாரத்துக்கும் இடத்துக்கும் காசு. 25 டொலர் என்று தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2004 இல் வந்த மெல்லிய மாடலில் அடப்டர் வெளியே இருக்கும், அதில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் ட்ரான்ஸ்போமர் தேவையில்லை. பிந்திய, 90000 என்ற மாடல் இலக்க வரிசையில் பவர் சப்ளையை மறுபடி உள்ளே வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் பிஎஸ் 2 மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. 2000 இல் வந்து 2013 வரை செய்யப்பட்ட பெட்டி அது. பிஎஸ் 1 கேம்களில் பெரும்பாலானவையும் அதில் ஓடும். கொன்ரோலர், மெமரி கார்ட், லென்ஸ் எல்லாம் இங்கே இன்னும் தேடி எடுக்கலாம். ஆனால் பிஎஸ் 2 வேண்டுமென்றால் பால் பெட்டியாக எடுங்கள். இங்கிலாந்து அக்காவிடம் கேளுங்கள், அல்லது ஊரிலேயே பாவித்ததை வாங்குங்கள். வாங்கும்போது டிஸ்க்கைப் போட்டு ஐந்து நிமிடமாவது விளையாடிப் பாருங்கள். தொடக்கப் படம் வந்துவிட்டதென்று திருப்திப்பட வேண்டாம். லென்ஸ் களைத்த பெட்டி தொடக்கத்தைக் காட்டிவிட்டு நடுவில் நின்றுவிடும்.

கனடா உறவிடம் நான் கேட்கச் சொல்வது கையடக்கங்களைத்தான். நிண்டெண்டோவின் கேம் போய் (Game Boy) வரிசைக்கு ரீவி தேவையில்லை, நாட்டுப் பூட்டும் இல்லை. ரொறன்ரோவில் வாங்கிய கசெற்றும் லண்டனில் வாங்கிய கசெற்றும் ஒரே கேம் போயில் ஓடும். 2001 இல் வந்த கேம் போய் அட்வான்ஸ் இரண்டு பென்ரோச் (ஏஏ) பற்றரியில் ஏறத்தாழ 15 மணித்தியாலம் ஓடும், முந்திய கேம் போய், கேம் போய் கலர் கசெற்களையும் எடுக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் ஒரு பென்ரோச் பற்றரிக்கு இங்கே வழியில்லாமல் சைக்கிளின் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அதை அனுபவித்த ஆட்களுக்கு இரண்டு பற்றரியில் 15 மணித்தியாலம் என்பதன் அருமை தெரியும். இன்று கரண்ட் நின்றாலும் விளையாட்டு நிற்காது.

கேம் போய் அட்வான்ஸின் திரைக்கு வெளிச்சம் இல்லை. இரவில் விளையாட வேண்டுமென்றால் 2003 இல் வந்த, மடித்து மூடும் எஸ்பி மாடல் நல்லது. அதில் சார்ஜ் ஏற்றும் பற்றரி உண்டு. கனடா சார்ஜரை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் வயர் இருக்கிறது. லித்தியம் பற்றரிகளை விமானப் பொதியில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு, பெட்டி அனுப்பும் முகவரிடம் முதலே கேட்பது நல்லது. போலிக் கசெற்களும் ஏராளம். லேபிள் மங்கலாக, எழுத்து வளைந்து, பின்பக்க வார்த்தைகள் சரியாகப் பதியாமல் இருந்தால் வேண்டாம்.

அப்புறம், பழைய கேம்களை உள்ளேயே வைத்துச் சின்னதாகத் திரும்ப வெளியிட்ட ‘மினி’ பெட்டிகள். 2016 இல் வந்த நிண்டெண்டோ மினியில் 30 கேம், 2017 சூப்பர் நிண்டெண்டோ மினியில் 21, 2019 மெகா ட்ரைவ் மினியில் 42. எல்லாம் யூஎஸ்பிக் கரண்ட், ஹெச்டிஎம்ஐப் படம். எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே பிரச்சினையே இல்லை. சேர்ப்பதில் ஆசையில்லை, விளையாடினால் போதும் என்பவருக்குக் கனடாவிலிருந்து வரக்கூடியவற்றில் இதைவிட இலகுவானது இல்லை. பழைய சாமான் கடையில் அடிக்கடி அகப்படாது என்பதுதான் குறை.

*இது யாருக்கு:* அனுப்ப ஒரு உறவும், காத்திருக்கப் பொறுமையும் உள்ளவருக்கு. இங்கிலாந்தும் ஐரோப்பாவும் என்றால் கொன்சோல், கனடா என்றால் கையடக்கம் அல்லது மினி.

3. சந்தையில் விற்கும் புது ரீவி கேம்

கிளிநொச்சிச் சந்தைப் பக்கமும், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கடைகளிலும் பார்த்திருக்கிறேன். பெட்டியில் ஆயிரக்கணக்கில் கேம் என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் சில பத்துக் கேம்களே பெயரும் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வரும். உள்ளே இருப்பது ஃபமிகொமின் நகல்.

இதைக் குறைவாக எண்ண எனக்கு மனம் வராது. நாங்கள் வரிசையில் நின்று விளையாடியதே இப்படியொரு நகலில்தான். எங்கள் கரண்ட், எங்கள் ரீவி, இரண்டு கொன்ரோலர், வாங்கிய அன்றே விளையாட்டு. மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அமத்தினால் கொன்ட்ராவில் 30 உயிர் கிடைக்கும் அந்தக் குறி, கேமை மாற்றாமல் போட்டிருந்தால் இதிலும் வேலை செய்யும். வாத்துச் சுடும் கேமுக்காகச் சேர்ந்து வரும் துவக்கு மட்டும் புது எல்ஈடி ரீவியில் வேலை செய்யாது. பழைய பெட்டி ரீவி படத்தை வரையும் விதத்தை நம்பியே அது செய்யப்பட்டது. பெட்டி ரீவி வைத்திருப்பவர் அதை எறியாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

கொன்ரோலரின் வயர் சீக்கிரம் உள்ளே அறும். அடப்டர் சூடேறும், விளையாடி முடித்ததும் கழற்றிவிடுங்கள். சேர்ப்பவருக்கு இதில் மதிப்பு எதுவும் இல்லை. திருவிழாவுக்கு வந்த மருமக்கள் இரண்டு பேரை ஒரு பின்னேரம் முழுக்கச் சிரிக்க வைக்க இது போதும்.

4. போனில், கொம்பியூட்டரில் எமுலேற்றர்

எமுலேற்றர் என்பது பழைய கொன்சோலைப் போலவே இயங்கும் மென்பொருள். ரெட்ரோஆர்க் போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் பழைய கொன்சோல்கள் பலவற்றின் கேமை ஒரே இடத்தில் ஓட்டலாம். எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம். பழுது என்ற கதையே இல்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. போன் கண்ணாடியில் விரலால் விளையாடுவது கை நோகும், யூஎஸ்பி அல்லது புளூரூத் கொன்ரோலர் ஒன்று வாங்காமல் இது சரிவராது. மற்றது, மென்பொருள் சட்டப்படியானது என்றாலும், உரிமை இன்னும் இருக்கும் கேமை இணையத்திலிருந்து இறக்குவது அப்படியல்ல. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது. இன்றும் ஆட்கள் பழைய கொன்சோல்களுக்குப் புதுக் கேம் எழுதி இலவசமாக விடுகிறார்கள், அவற்றிலிருந்து தொடங்கலாம்.

எந்தக் கேம் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியாத நிலையில், காசு கொடுத்துப் பெட்டி வாங்க முன், இதில் சோதித்துப் பார்ப்பது புத்தி.

எதை எடுத்தாலும்

விளையாடாத நேரம் பொலித்தீனில் சுற்றி மூடிவிடாதீர்கள், ஈரம் உள்ளே தங்கும். துணியால் மூடுங்கள். மாதம் ஒரு தரமாவது போட்டு ஓட்டுங்கள். சூடான பெட்டிக்குள் பல்லி முட்டையிடும், நான் இரண்டு தரம் எடுத்திருக்கிறேன். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சாம்பல் நிறம் மஞ்சளாகும். ஐப்பசி கார்த்திகை இடி முழக்கத்தில் சுவிட்சை நிறுத்துவது போதாது, சுவரிலிருந்தே கழற்றுங்கள்.

விசுவமடுத் தம்பி வாங்கிவிட்டார். மூன்று கசெற்றோடு ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு வந்தார், பஞ்சுக்குச்சி தேய்த்தது அவரே. இரண்டு உடனே ஓடின, மூன்றாவதுக்குப் பற்றரி மாற்ற வேண்டும். மருமகனுக்கு, அந்தப் பிஎஸ் 2 ஐ அங்கேயே விட்டுவிட்டு, அதே கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் எஸ்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு ஒரு படம் வந்தது: நீல நிறம், மூடியில் ஒரு கீறல், திரை நல்லது. “மாமா, சார்ஜரையும் வைக்கட்டே?” என்று கேட்டிருந்தான். வேண்டாம் என்று எழுதினேன்.